ஆறு சுவிட்ச் படகு லைட் கிட்: எதை வைத்துக்கொள்வது, எதைத் தூக்கிப் போடுவது

ஆன்லைனில் படகு வயரிங் கிட் என்று தேடினால் ஒரே பெட்டி பத்துப் பெயரில் வந்து நிற்கும். உள்ளே இருப்பது ஏறக்குறைய ஒன்றுதான். ஆறு ராக்கர் சுவிட்ச் வைத்த கறுப்பு பேனல், அதிலேயே வோல்ட் மீட்டரும் யூஎஸ்பி சாக்கெட்டும், அணியத்தில் (படகின் முன்முனையில்) மாட்ட சிவப்பு-பச்சை எல்ஈடி விளக்கு, கழற்றி மாட்டும் கம்பத்தின் நுனியில் ஒரு வெள்ளை விளக்கு, கேபினுக்கு நான்கு வட்ட விளக்கு, பின்தளத்துக்குப் பரந்த வெளிச்சம் தரும் ஒரு பிளட் லைட், சிவப்பு-கறுப்பு இரட்டை வயர் ஒரு சுருள், ஒரு பாக்கெட் லக் (வயர் நுனியில் அடிக்கும் உலோக முனை), ஒரு டேப். நாகை, காரைக்கால், கோடியக்கரை, முத்துப்பேட்டை பக்கம் ஓடும் 22 முதல் 28 அடி வரையுள்ள கேபின் வைத்த பைபர் படகுகளுக்கு இதைத்தான் இப்போது நிறையப் பேர் வாங்குகிறார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். படகு கரையேறி நிற்கும் அந்த 61 நாளில்தான் பெயிண்டோடு பெயிண்டாக வயரிங் வேலையும் நடக்கும்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். விளக்குகளில் பாதி தேறும். பேனல், பின்பக்கத்தைப் பிரித்துத் திரும்பக் கட்டினால் தேறும். வயர் தேறாது. கிட் வாங்கும் காசில் விளக்குதான் கண்ணுக்குத் தெரிகிறது. ஆனால் உப்புக்காற்றில் ஒரு படகின் கரண்ட் போவது பெரும்பாலும் வயரிலும் ஜாயின்டிலும்தான்.

வயரைக் கையில் எடுத்ததுமே சந்தேகம் வரவேண்டும். சுருள் அதன் பருமனுக்கு எடை கம்மியாக இருக்கும். நுனியில் ஒரு அங்குலம் தோலை உரித்து, ஒரே ஒரு இழையைப் பிரித்துப் பிளேடால் சுரண்டிப் பாருங்கள். வெளியே செம்பு நிறம், உள்ளே வெள்ளை என்றால் அது அலுமினியத்துக்குச் செம்பு முலாம் பூசியது. வெளியே வெள்ளை, உள்ளே செம்பு என்றால் டின் பூசிய செம்பு, படகுக்கு வேண்டியது அதுதான். இரண்டும் நேர் எதிர். வெட்டிய நுனியைப் பார்த்த மாத்திரத்தில் "வெள்ளையாத்தான் இருக்கு, மரைன் வயர்தான்" என்று வாங்கிவிடக் கூடாது, சுரண்டிப் பார்த்தால்தான் தெரியும். மலிவான கிட்களில் வருவது பெரும்பாலும் முதல் வகை. லைட்டர் தீயில் அந்த இழையைக் காட்டினால் சுருண்டு உதிர்ந்துவிடும், செம்பு சிவக்குமே தவிர உதிராது.

முலாம் பூசிய அலுமினியத்துக்கு மின்தடை செம்பைவிட ஒன்றரை மடங்கு. கிட்டில் வரும் 18 கேஜ் வயரின் குறுக்களவு 0.8 சதுர மி.மீ. சொச்சம். இதில் தண்ணீர் இறைக்கும் பில்ஜ் பம்பை இணைத்தால் என்ன ஆகும் என்று கணக்குப் போடலாம். பம்ப் 4 ஆம்பியர் இழுக்கிறது, பேனலிலிருந்து 5 மீட்டர், போக வர 10 மீட்டர். வயரிலேயே 1.3 வோல்ட் போய்விடும். பாட்டரி பாதி இறங்கி 12.2-ல் இருக்கும்போது பம்புக்குக் கிடைப்பது 10.9 வோல்ட்தான். பம்ப் ஓடும், சத்தமும் வரும், தண்ணீர் மட்டும் மெதுவாகத்தான் வெளியேறும். அதே தூரத்துக்கு 4 சதுர மி.மீ. செம்பு போட்டால் இழப்பு 0.2 வோல்ட். வழிகாட்டும் விளக்கு (அணியத்துச் சிவப்பு-பச்சையும் கம்பத்து வெள்ளையும்), பம்ப், மெயின் லைன் மூன்றுக்கும் இழப்பு 3 சதவீதத்துக்குள் இருக்கவேண்டும் என்பது படகு வயரிங்கில் பொதுவாக ஒப்புக்கொண்ட அளவு. கேபின் லைட்டுக்கு 10 சதவீதம் வரை போகலாம்.

டெல்டாவில் டின் பூசிய மரைன் கேபிள் கேட்டால் கடைக்காரர் முழிப்பார். அதற்கு ஒரு குறுக்கு வழி உண்டு, நல்ல வழியும்கூட: சோலார் டிசி கேபிள். சோலார் பம்ப்செட் போடுகிறவர்கள் மன்னார்குடி, திருவாரூர், தஞ்சாவூர் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். அந்தக் கேபிள் டின் பூசிய மெல்லிழைச் செம்பு, இரட்டை உறை, வெயிலுக்குத் தாங்கும். "நாலு ஸ்கொயர் சோலார் கேபிள், சிவப்பு, கறுப்பு" என்று கேட்டால் மீட்டர் கணக்கில் வெட்டித் தருவார்கள். உறை தடிமன், அதனால் கொஞ்சம் விறைப்பாக இருக்கும், சின்ன விளக்கின் பின்னால் நுழைக்கச் சிரமம். மெயின் லைன், பம்ப், ஹாரன், விஎச்எப் ரேடியோ எல்லாவற்றுக்கும் இதுவே போதும். எல்ஈடி விளக்குகளுக்கு மட்டும் 1.5 சதுர மி.மீ. டின் பூசியது கிடைத்தால் வரவழைத்துக்கொள்ளலாம். வீட்டு வயரிங் செம்பு சுத்தமானதுதான், ஆனால் டின் கிடையாது. இழைகளுக்கு நடுவே உப்பு ஈரம் ஏறி, உரித்த இடத்திலிருந்து ஒரு முழம் உள்ளே வரை கறுத்துப்போகும். கறுத்த செம்பில் லக் அடித்தாலும் பிடிக்காது, ஈயம் வைத்தாலும் ஒட்டாது.

இனி பேனல். முகப்பு ஐபி65 (தூசி, தண்ணீர் தாங்கும் தரக் குறியீடு) என்று போட்டிருக்கும். அது முன்பக்கம் தெறிக்கும் தண்ணீருக்குத்தான், அதுவும் பின்னாலிருக்கும் ரப்பர் சீட் ஒழுங்காக அழுந்தியிருந்தால். பின்பக்கம் திறந்தவெளி. எனவே கேபினுக்குள், ஸ்டீயரிங்குக்குக் கீழே, மழைச்சாரல் படாத செங்குத்துப் பரப்பில் மாட்டவேண்டும். பேனலைத் திருப்பிப் பார்த்தால் ஒரு சுவிட்சிலிருந்து அடுத்ததற்குச் சங்கிலியாகப் பாசிட்டிவ் தாவிப் போவது தெரியும். ஆறு சுவிட்சுக்கும் சேர்ந்த கரண்ட் முதல் ஸ்பேட் லக் வழியாகத்தான் நுழைகிறது, அந்த லக்கும் 16 அல்லது 18 கேஜ் வயரில் அடித்தது. பம்பும் ஹாரனும் விஎச்எப்பும் ஒரே நேரத்தில் இழுத்தால் அந்த முதல் லக் சூடேறி, பிளாஸ்டிக் பழுப்பாகும். செய்யவேண்டியது சுலபம். சங்கிலியைக் கழற்றிவிட்டு, டின் பூசிய ஒரு பஸ்பாரிலிருந்து (பல வயர்களை ஒன்றாகப் பூட்டும் உலோகப் பட்டை) ஒவ்வொரு சுவிட்சுக்கும் தனித்தனிப் பாசிட்டிவ், ஒவ்வொன்றுக்கும் தனி பியூஸ். நெகட்டிவுக்கு இன்னொரு பஸ்பார். சுவிட்சுக்குள் இருக்கும் குட்டி எல்ஈடிக்கும் நெகட்டிவ் வேண்டும். அதை விட்டுவிட்டு "சுவிட்ச் லைட் எரியவில்லை, டிபெக்ட் பீஸ்" என்று ஒரு ஸ்டார் கொடுக்கிறவர்கள் உண்டு.

பியூஸ் விஷயத்தில் கிட் செய்வது சரியான அபத்தம். ஆறு இடத்திலும் 15 ஆம்பியர். பியூஸ் இருப்பது விளக்கைக் காப்பாற்ற இல்லை, வயரைக் காப்பாற்ற. 0.8 சதுர மி.மீ. வயரில் அரைகுறையாக ஷார்ட் ஆனால் 15 ஆம்பியர் பியூஸ் உருகுவதற்குள் வயர் உறை இளகிவிடலாம். வழிகாட்டும் விளக்குகளுக்கு 3 ஆம்பியர், கேபின் லைட்டுக்கு 3, பிளட் லைட்டுக்கு 5, விஎச்எப்புக்கும் ஹாரனுக்கும் 10. பம்புக்கு அதன் உடம்பில் எழுதியிருக்கும் அளவு. பம்பின் விசிறியில் நைலான் நூல் சிக்கி நின்றுபோனால் கரண்ட் எகிறும், சரியான பியூஸ் இல்லாவிட்டால் மோட்டார் சுருள் எரியும். வலைத்துண்டு கிடக்காத மீன்பிடிப் படகு அடித்தளம் ஏது?

பேனலில் உள்ள வோல்ட் மீட்டரும் யூஎஸ்பியும் பார்க்க அழகு. இரண்டும் சேர்ந்து சும்மா இருக்கும்போதே 20 மில்லியாம்பியர் இழுத்தால், தடைக்காலம் முழுக்க 61 நாளில் 29 ஆம்பியர்-அவர். 75 ஆம்பியர்-அவர் பாட்டரியில் கிட்டத்தட்ட நாற்பது சதவீதம். இந்த வெயிலில் பாட்டரி தானாக இறங்குவது தனி. ஜூன் நடுவில் சாவியைத் திருப்பினால் கிளிக் என்பதோடு நின்றுவிடும், பழி பாட்டரிக் கம்பெனிக்குப் போகும். இந்த இரண்டையும் தனி சுவிட்சுக்குக் கீழே கொண்டுவாருங்கள். அதோடு பாட்டரிக்கும் பேனலுக்கும் நடுவே ஒரு மெயின் ஐசொலேட்டர் (மொத்தக் கரண்டையும் துண்டிக்கும் சுவிட்ச்) போடுங்கள். கிட்டில் அது இருக்காது. மிதவை சுவிட்ச் வைத்த ஆட்டோமேட்டிக் பம்ப் மட்டும் ஐசொலேட்டருக்கு முன்னாலிருந்து, தனி பியூஸ் வழியாக எடுக்கவேண்டும். ஆள் இல்லாதபோது படகில் தண்ணீர் ஏறினால் இறைக்க வேண்டியது அதுதானே.

பாட்டரி முனையிலிருந்து முதல் பியூஸ் 7 அங்குலத்துக்குள் இருக்கட்டும். அதற்கு முந்தைய வயருக்குப் பாதுகாப்பே கிடையாது என்பதால் இந்தக் கண்டிப்பு. எல்லாம் சேர்ந்து 20 ஆம்பியர் என்று வைத்துக்கொண்டால், பாட்டரி பேனலிலிருந்து 2 மீட்டருக்குள் இருக்கும்வரை 6 சதுர மி.மீ. போதும், அதைத் தாண்டினால் 10.

வழிகாட்டும் விளக்குக்கு வருவோம். இங்கேதான் கிட்டின் விளம்பரத்துக்கும் சட்டத்துக்கும் இடைவெளி. 1972-ஆம் ஆண்டின் சர்வதேசக் கடல் மோதல் தடுப்பு விதிகளின்படி 12 மீட்டருக்குக் குறைந்த இயந்திரப் படகு, இடப்பக்கம் சிவப்பு, வலப்பக்கம் பச்சை, மேலே சுற்றிலும் தெரியும் ஒரு வெள்ளை என்று காட்டினால் போதும். 7 மீட்டருக்குக் குறைந்து, வேகமும் 7 நாட் (மணிக்கு 7 கடல் மைல்) அளவுக்கு மேல் போகாத படகுக்கு வெள்ளை மட்டும்கூடச் செல்லும், ஆனால் அவுட்போர்டு இன்ஜின் மாட்டிய எந்தப் படகு 7 நாட் வேகத்தில் நிற்கிறது? சிவப்பும் பச்சையும் ஒவ்வொன்றும் 112.5 டிகிரிக்குத் தெரியவேண்டும். அதாவது நேர் முன்பக்கத்திலிருந்து, பக்கவாட்டுக்குச் சற்றுப் பின்னே 22.5 டிகிரி வரை. அதற்கப்பால் தெரியக் கூடாது. தூரம்: பக்க விளக்கு 1 கடல் மைல், வெள்ளை 2 கடல் மைல். வெள்ளை விளக்கு பக்க விளக்குகளைவிட 1 மீட்டராவது உயரத்தில்.

கிட்டின் சிவப்பு-பச்சை விளக்கு வெளிச்சத்தில் குறை இல்லை. கோணத்தில்தான் கோட்டைவிடுகிறது. நடுவில் இருக்கவேண்டிய தடுப்பு மெலிசான பிளாஸ்டிக், அதன் வழியே ஒரு நிறம் மறுபக்கம் கசியும். சோதித்துப் பார்ப்பது கஷ்டமில்லை. படகு கரையில் நிற்கும்போது இரவில் விளக்கைப் போட்டுவிட்டு, அணியத்துக்கு நேரே முப்பது அடி தள்ளி நின்று, பக்கவாட்டில் மெதுவாக நடங்கள். இரண்டு நிறமும் சேர்ந்து தெரிவது நடுவில் ஓரிரு தப்படிக்குள் அடங்கவேண்டும். ஐந்தாறு தப்படிக்கு இரண்டும் தெரிகிறதென்றால், எதிரே வரும் கப்பல்காரர் உங்கள் படகு எந்தப் பக்கம் போகிறது என்பதைக் கடைசிவரை முடிவுகட்ட முடியாது. பிறகு படகைச் சுற்றிப் பின்பக்கம் வாருங்கள். பக்கவாட்டைத் தாண்டி 22.5 டிகிரிக்கு மேல் போயும் நிறம் அணையாவிட்டால் அந்த விளக்கை மாற்றிவிடுங்கள்.

முத்துப்பேட்டை லகூனுக்குள்ளேயும் கோரையாற்று வாயிலும் மட்டும் ஓடும் படகுக்குக் கிட் விளக்கே காலத்தை ஓட்டும். காரைக்கால் துறைமுகத்துக்குக் கப்பல் வரும் வழியைக் குறுக்கே கடக்கிற படகுக்குப் போதாது. அதற்கு 2 கடல் மைல் சான்று உடம்பிலேயே பொறித்த ஹெல்லா மரைன், அக்வா சிக்னல் மாதிரி விளக்கு வாங்குவதே சரி. விலை கிட் முழுவதற்கும் ஆகும் அளவுக்குப் போகலாம், பரவாயில்லை, அணியத்து விளக்கு ஒன்றுக்குத்தான் அந்தச் செலவு. பழைய குண்டு பல்பு விளக்கின் கூட்டுக்குள் வெள்ளை எல்ஈடி பல்பைச் சொருகி மிச்சம் பிடிக்க நினைக்காதீர்கள். எல்ஈடி வெள்ளையில் சிவப்பு குறைவு, சிவப்புக் கண்ணாடி வழியே மங்கலாகத்தான் வரும், பச்சைக் கண்ணாடி வழியே நீலம் கலந்து வரும். கூடு பழையதுதான் என்றால் சிவப்புக்குச் சிவப்பு எல்ஈடி, பச்சைக்குப் பச்சை எல்ஈடி.

வலை போட்டிருக்கும்போது காட்டவேண்டிய விளக்கு கிட்டில் இல்லை. இழுவலை என்றால் பச்சைக்குக் கீழே வெள்ளை, மற்ற வலைகளுக்குச் சிவப்புக்குக் கீழே வெள்ளை, இரண்டும் சுற்றிலும் தெரியும் விளக்குகள், நடுவில் 1 மீட்டர் இடைவெளி. பேனலில் ஒரு சுவிட்சை இதற்கென்று ஒதுக்கி, கம்பத்துக்குள் ஒரு வயர் இப்போதே இழுத்து வைத்துவிடுங்கள். அப்புறம் கம்பத்தை இறக்குவது பெரும்பாடு. கேபினைச் சுற்றிக் கலர் கலராக மின்னும் ஸ்ட்ரிப் லைட் ஒட்டும் பழக்கம் வேறு பரவிக்கொண்டிருக்கிறது. வழிகாட்டும் விளக்கோடு குழம்பும் வேறு விளக்கு எதுவும் கூடாது என்று அதே விதிகள் சொல்கின்றன. கோயில் தெப்பத்துக்கு அது சரி, கடலுக்கு ஆகாது.

கம்பத்து வெள்ளை விளக்கின் பலவீனம் அடியில் உள்ள இரண்டு முள் (பின்) சாக்கெட். கம்பத்தைக் கழற்றியதும் அது மழைத்தண்ணீர் பிடிக்கும் குழி. ஒரு மழைக்காலம் போனால் முள் பச்சை பூத்துவிடும். கழற்றவேண்டிய அவசியம் இல்லையென்றால் கேபின் கூரையில் நிரந்தரமாக மாட்டி, வயரைத் தண்ணீர் புகாத கேபிள் கிளாண்ட் வழியே இறக்குங்கள். விளக்குக்குக் கீழே ஒரு கையகல வட்டத் தகடு வைத்தால் ஸ்டீயரிங் பிடிப்பவர் கண்ணில் கூரை வெளிச்சம் கூசாது. ஸ்குரூ 316 ரகத் துருப்பிடிக்காத ஸ்டீலாக இருக்கட்டும். கிட்டோடு வரும் ஸ்குரூ துருக்கண்ணீர் வடிக்கும்.

துளையை அடைக்க எடுக்கும் சிலிகானில் வினிகர் வாடை வந்தால் அதைத் தொடாதீர்கள். காய்கிறபோது வெளிவரும் அசிட்டிக் அமிலம் செம்பை அரிக்கும். சிகாஃப்ளெக்ஸ் 291 மாதிரி பாலியூரித்தேன், அல்லது நியூட்ரல் சிலிகான்.

கேபின் விளக்குகள் நான்கும் நன்றாகவே இருக்கின்றன. ஒவ்வொன்றும் 3 வாட், நான்கும் சேர்ந்து 1 ஆம்பியர், பழைய ஒரு 12 வாட் குண்டு பல்பு இழுத்த கரண்டுக்கு நாலு விளக்கு. தேர்வு இருந்தால் மஞ்சள் சாயல் உள்ள 3000 கெல்வின் எடுங்கள். அலையாத்திக் காட்டு ஓரம் இரவு தங்கினால் நீலவெள்ளை விளக்குக்கு மொய்க்கும் பூச்சிக் கூட்டம் சோற்றுத் தட்டுவரை வரும். ஸ்டீயரிங் பக்கம் உள்ளது சிவப்பும் போடக்கூடியதாக இருந்தால், இருட்டுக்குப் பழகிய கண் கெடாது.

பிளட் லைட் ஐபி67, தண்ணீர் ஒன்றும் செய்யாது. ஆனால் விஎச்எப்பைச் சோதிக்காமல் நிரந்தரமாக மாட்டாதீர்கள். செட்டைச் சத்தமில்லாத ஒரு சேனலில் வைத்து, ஸ்குவெல்ச்சை (இரைச்சலை அடக்கும் திருகியை) இரைச்சல் அடங்கும் விளிம்புவரை குறைத்து, பிளட் லைட்டைப் போடுங்கள். உஸ் என்று இரைச்சல் கிளம்பினால் விளக்குக்குள் இருக்கும் டிரைவர் சர்க்யூட் சிக்னலைக் கெடுக்கிறது. இந்த இரைச்சல் இருக்கும்போது தூரத்திலிருந்து அவசர அழைப்புக்கான சேனல் 16-ல் கூப்பிடுவது காதில் விழாது. வயரை ஆண்டெனா கேபிளிலிருந்து ஒரு மீட்டர் விலக்கி, இரண்டு இழையையும் முறுக்கி, இரைச்சலை உறிஞ்சும் பெரைட் வளையம் மாட்டிப் பார்க்கலாம். அதற்கும் அடங்காவிட்டால் விளக்கையே மாற்றுவதுதான்.

வேலைக்கு ஆள் பிடிப்பதைப் பற்றியும் சொல்லவேண்டும். ஆட்டோ எலெக்ட்ரீஷியன்கள் கைவேகம் உள்ளவர்கள், ஆனால் வண்டிப் பழக்கத்தில் நெகட்டிவை இன்ஜின் உடம்பிலேயே கொடுத்துவிடுவார்கள். கடல்நீரில் அந்தக் கசிவுக் கரண்ட் ஷாப்டையும் படகைத் தள்ளும் விசிறியையும் தின்னும். ஒவ்வொரு விளக்குக்கும் தனி நெகட்டிவ், எல்லாம் பஸ்பாருக்கு, பஸ்பாரிலிருந்து ஒரே வயர் பாட்டரிக்கு என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். பிளையரால் நசுக்கிய லக்கையும் ஒத்துக்கொள்ள வேண்டாம். ராட்செட் கிரிம்பர் (லக்கை வயரோடு அழுத்திப் பிடிக்கும் கருவி) கொண்டு அடித்து, இழுத்துப் பார்த்து, உள்ளே பசை உள்ள, சூட்டில் சுருங்கும் ஹீட் ஷ்ரிங்க் குழாய் போட்டு, ஓரத்தில் பசை பிதுங்கும்வரை சூடு காட்டவேண்டும். டேப் சுற்றினால் மே மாத வெயிலில் பசை இளகி வழுகிப்போகும். ஈயம் மட்டும் வைத்த ஜாயின்ட், இன்ஜின் அதிர்வில் ஈயம் முடியும் இடத்தில் ஒடியும். டீசல் இன்ஜின் அதிர்வுக்கு 45 செ.மீ.க்கு ஒரு கிளாம்ப், பைபர் தடுப்பைத் துளைத்துப் போகும் இடமெல்லாம் ரப்பர் குரோமெட் (துளை ஓரத்து வளையம்). பேனலுக்குள் நுழையும் முன் வயர் ஒரு வளைவு கீழே தொங்கி ஏறினால், ஒழுகி வரும் தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும்.

25 அடிப் படகுக்கு வாங்கவேண்டியது: 4 சதுர மி.மீ. சிவப்பு, கறுப்பு தலா 20 மீட்டர், விளக்குகளுக்கு 1.5 சதுர மி.மீ. இரட்டை 30 மீட்டர், மெயினுக்கு 6 அல்லது 10 தலா 3 மீட்டர், எட்டு ஸ்குரூ பஸ்பார் இரண்டு, 30 ஆம்பியர் மெயின் பியூஸ் ஒன்று, ஐசொலேட்டர் ஒன்று, ரிங் லக் நாற்பது, பசை ஹீட் ஷ்ரிங்க் இரண்டு அளவில்.

வேலை முடிந்ததும் எலெக்ட்ரீஷியன் போவதற்குள் மல்டிமீட்டரை எடுங்கள். பம்பை ஓடவிட்டு, ஒரு முனையைப் பாட்டரி பாசிட்டிவிலும் மறுமுனையைப் பம்பின் பாசிட்டிவிலும் வையுங்கள். பிறகு நெகட்டிவுக்கும் அப்படியே. ஒவ்வொன்றும் 0.2 வோல்டுக்குள் இருந்தால் நல்லது. கூடினால் பாதித் தூரத்தில், அதாவது பேனலில் வைத்துப் பாருங்கள், கோளாறு முன்பாதியிலா பின்பாதியிலா என்று உடனே பிரிந்துவிடும். லோடு ஓடாமல் எடுத்த அளவு எதற்கும் உதவாது, ஒரே ஒரு இழை தொட்டுக்கொண்டிருந்தாலும் 12.6 காட்டும்.

கிட் வந்த அன்றே பேனல் சுவிட்ச் ஆறும், விளக்கு எல்லாமும் பாட்டரியில் நேரே தொட்டுச் சோதித்துவிடுங்கள். திருப்பி அனுப்பும் கெடு சில நாள்தான், படகு கரையேறும்வரை பெட்டியைப் பிரிக்காமல் வைத்திருந்தால் அது முடிந்திருக்கும்.